கச்சான்

கிளப் கதவில் ஒட்டியிருந்தது
அப்பியாசக் கொப்பியில் கிழித்த அரைத்தாள்:
"இனி நான் வரமாட்டேன்.
பந்து அறைத் திறப்பு கிணற்றடி வாளிக்குள்."
கீழே, பல்தசார்.
திகதி போட மறந்திருந்தார்.

மூன்று வருசமாகப் போ போ என்று கத்தியவர்கள் நாங்கள்.
தொடங்கி வைத்தவன் நான்தான்,
மறைக்க என்ன இருக்கிறது.
கச்சான் சுருளுக்குப் பேப்பர் கிழித்தபடி
மதிலில் ஏறி நின்று
"மாஸ்டர், மேசை செய்யப் போங்க!" என்றவன்.
அவர் தச்சர். திரும்பிப் பார்த்தார்.
ஒரு சுருள் தா என்பதுபோலக் கையை நீட்டினார்.
சனம் சிரித்தது.
அன்று நாலுக்கு ஒன்று.

ஏன் போனாராம்?
மகள் அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டாளாம்.
இல்லை, சொக்ஸ் வாங்கின காசுக்குத்
தலைவர் பில் கேட்டாராம்.
மூன்றாவது காரணத்தை எனக்கு முன்னால்
யாரும் சொல்லவில்லை.

"அந்தாள் இருந்த நேரம் டிஃபென்ஸ் எண்டு ஒண்டு இருந்ததுகா,"
என்கிறான் பேரின்பம்.
போன கிழமை இதே வாயால்
வேலியில்லாத வளவு என்றவன்.
புஸ்பமலரக்கா அடுப்பை ஊதிக்கொண்டே,
"பொடியனுக்குக் கிளவுஸ் வாங்கிக் குடுத்த மனுசன்.
நான் காசு குடுக்கப் போனா
அலுமாரிக் கதவு சரியாப் பூட்டுதா எண்டு கேட்டுட்டுப் போறாரு."
அவள் மகன்தான் எங்கள் கோல்கீப்பர்.

சரி, அடுத்தது ஆரு?
பிளேன்ரீ ஆறுவதற்குள் ஐந்து பேர் வந்து போனார்கள்.
பீ.டி. சேர்: விசில் நன்றாக ஊதுவார்.
மணல் டிப்பர் ஓட்டும் குகதாசன்:
ஒருகாலம் கல்லடிப் பாலத்தடியில் நின்று அடித்தால்
முகத்துவாரத்தில் கோல்,
இப்போது அவன் முழங்கால்
மழை வருவதை மட்டும் சரியாகச் சொல்லும்.
கொழும்பிலிருந்து ஒருவர்:
மாதம் எண்பதாயிரம், ஏசி அறை, மீன் சாப்பிடமாட்டார்.
"மீன் தின்னாதவனுக்கு வாவிக்கரையில என்ன வேலை?"
அத்தோடு அவர் முடிந்தார்.
தலைவரின் மருமகன்:
இரவிரவாக ஐரோப்பிய மெட்ச் பார்த்துக்
கண்ணுக்குக் கீழே டிப்ளோமா வாங்கியவன்.
லெப்டொப்பில் அம்புக்குறி கீறிக் காட்டினான்.
அம்புகள் ஒழுங்காகத்தான் ஓடின.
அவற்றுக்குச் சப்பாத்துத் தேவையில்லை,
கணுக்கால் சுளுக்காது.
ஐந்தாவது பெயரை யாரோ மெதுவாகச் சொன்னார்கள்:
அவரையே திரும்பக் கேட்டால்?
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
பேரின்பம் என் கூடையைப் பார்த்தான்.

ஞாயிறு. மருமகன், புது விசில்.
கச்சான் காற்று எழும்பிவிட்டது,
மேற்கே வயலைச் சுட்டு, வாவியைத் தடவி,
போறணை வாய் திறந்ததுபோல.
உயர அடித்த பந்தெல்லாம்
கடல் பார்க்கப் புறப்பட்டது.
முதலாவது மதிலுக்கு மேலால்.
இரண்டாவது தென்னை வட்டுக்குள்.
மூன்றாவதுக்கு என்னையறியாமல் எழுந்து நின்றேன்:
"நிலத்தில வை! நிலத்தில வை, மனே!"

அது என் சொல் இல்லை.
மூன்று வருசம் அவர் கத்தக் கத்த
நாங்கள் மூக்கால் பழித்துக் காட்டிய சொல்.
புஸ்பமலரக்கா எடுத்தாள், பிறகு பேரின்பம்,
டிப்பர் பெட்டியில் நின்று குகதாசன்,
மதில் முழுக்க.
பொடியன்கள் பந்தை நிலத்தில் வைத்தார்கள்.
அப்படியும் தோற்றோம், ரெண்டுக்கு ஒன்று.

கூடையோடு வீட்டுக்குப் போகும் வழி
அவர் பட்டறை வழிதான், அதற்கு நான் என்ன செய்ய.
சீவுளி நிற்கவில்லை. தலை நிமிரவில்லை.
"எத்தின?"
"ரெண்டுக்கு ஒண்டு."
"முதல் பாதி காத்துப் பக்கம் ஆரு எடுத்த?"
"அவங்க."
"ம்."
ஒரு சுருள் மரத்தோல் கழன்று விழுந்தது.
"கச்சான் ரெண்டு தா."
நூறு ரூபாய்த் தாள் தந்தார்.
கேட்க வந்ததை விட்டுவிட்டு
மிச்சக்காசை எண்ணிக் கையில் வைத்தேன்.
அவரும் எண்ணினார்.
"அஞ்சு ரூவா கூட இருக்கு," என்று
திருப்பித் தந்தார்.